சில நேரம் செல்ஃப் எடுக்காது

தூத்துக்குடியில் இப்போது யாராவது பழைய கார் வாங்கினால், விலை என்ன என்று கேட்பதற்கு முன்னால், "வெள்ளத்துல நின்ன வண்டியா?" என்று கேட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அப்படி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஊருக்குள் தெருத்தெருவாகக் கார்கள் தண்ணீரில் நின்றன. அந்த வண்டிகளெல்லாம் பிறகு எங்கே போயின என்ற சந்தேகம் இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் தீரவில்லை.

நான் வாங்கிய வண்டி வெள்ளத்தில் நின்றதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தாயிற்று, சேற்றுக் கோடு இல்லை. மிதியடிக்குக் கீழே கையை விட்டுத் தடவியாயிற்று, வண்டல் இல்லை. சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு இல்லை. டி.என். 69 பதிவு, ஒரே ஓனர், ஆர்.சி.யில் வங்கிக் கடன் எதுவும் ஏறியிருக்கவில்லை. சின்ன பெட்ரோல் கார். நன்றாகத்தான் ஓடியது.

ஒருநாள் மீன்பிடித் துறைமுகத்தில் சாளை வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால், 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, எஃப்.எம்.மில் பாட்டுகூட வருகிறது. செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த பையன் ஒருவன் "தள்ளவா அண்ணாச்சி?" என்று எழுந்து வந்தான். அவன் வந்து சேருவதற்குள் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதற்குப் பிறகு இது வாடிக்கையாயிற்று. பல நாள் ஒரு குறையும் இருக்காது. திடீரென்று பாளையங்கோட்டை ரோட்டில், பெட்ரோல் பங்கில், பின்னால் நாலு வண்டி வரிசையில் நிற்கும்போது 'டக்'. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே பத்துத் தடவை திருப்பினாலும் பத்துத் தடவையும் எடுக்கும். "வண்டி நல்லாத்தான இருக்கு?" என்று மெக்கானிக் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். வண்டியை விற்ற புரோக்கரிடம் சொன்னேன். "ஓட்டிப் பாத்துத்தான அண்ணாச்சி எடுத்திய?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

இந்த விஷயத்தில் சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல விதிதான். வண்டியை டீலரிடம் விட்ட பிறகு அது எங்கே மோதினாலும் நோட்டீஸ் பழைய ஓனர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கொடுமையைத் தடுக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது காகிதத்துக்கான விதி, செல்ஃப் மோட்டாருக்கான விதி இல்லை. பழைய காரின் கோளாறுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. டீலரிடம் வாங்கியிருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போகலாம். போனால், விற்கும்போதே கோளாறு இருந்தது என்று நாம் காட்ட வேண்டும். ஒர்க்‌ஷாப்பிலேயே தலைகாட்டாத கோளாறு நுகர்வோர் ஆணையத்துக்கா வரப்போகிறது?

திறக்காத சிப்பியை ஏலத்தில் எடுத்த ஊர் இது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாகக் குவித்து அப்படியே மூடியபடி ஏலம் விடுவார்கள். எடுத்தவனுக்கு உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது பிறகுதான் தெரியும். ஆனாலும் அது முழுக்கக் குருட்டு யோகம் இல்லை. குளிப்பை அறிவிப்பதற்கு முன்பே அதிகாரிகள் சிப்பி வளரும் கடலடிப் பாரிலிருந்து ஆயிரக்கணக்கில் மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்கு விலை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். கட்டுப்படியாகும் என்று தெரிந்தால்தான் குளிப்பு. 1961க்குப் பிறகு அந்தக் குளிப்பே நின்றுபோனது, அது வேறு கதை.

காரில் நாம் எத்தனை மாதிரி எடுக்கிறோம்? ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பி, ரவுண்டானாவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். இருபது தடவைக்கு ஒரு தடவை வருகிற கோளாறு அந்த ஒரு தடவையில் அகப்பட நூற்றுக்கு ஐந்துதான் வாய்ப்பு. விற்கிறவர் முகம் சுளிக்கச் சுளிக்கப் பத்துத் தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தால்கூட நாற்பதுதான். அதனால் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட நேரத்தைப் பார்த்துப் போவது மேல். போனவுடன் பானட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினில் ஒரு தடவை, அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை. சூட்டில் மட்டும் மக்கர் செய்கிற சென்சார்கள் உண்டு, ஆறினால் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும்.

என் வண்டிக்கு வருகிறேன். முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். பழைய வண்டி வாங்கியவன் பேட்டரி மாற்றுவது சம்பிரதாயம் மாதிரி. மாற்றினேன். கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது, மறுபடியும் 'டக்'. அடுத்து செல்ஃப் மோட்டாரை மாற்றலாம் என்றார்கள். அதுவும் போதாவிட்டால் ரிலே, அதற்கடுத்து சாவி போடுகிற சுவிட்ச் என்று ஒரு வரிசை தயாராக இருந்தது. இந்த மாற்றிப் பார்க்கிற வைத்தியத்தில் ஒரு வசதி இருக்கிறது. எதை மாற்றினாலும் சில நாளுக்குச் சரியாகிவிட்ட மாதிரியே இருக்கும், ஏனென்றால் எதையும் மாற்றாவிட்டாலும் சில நாளுக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாம் மைல் பக்கம் ஒரு எலெக்ட்ரீசியன் இருக்கிறார். துறைமுகத்துக்கு ஓடும் லாரிகளுக்கு வயரிங் பார்த்தே தலை நரைத்தவர். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவர் பானட்டைத் திறக்கவில்லை. "டக்குன்னு ஒரு சத்தமா, டக்டக்டக்குன்னு வருதா, சத்தமே இல்லையா?" என்று கேட்டார். ஒரு டக் என்றேன். "அடுத்த தடவ எடுக்கலைன்னா உடனே போன் போடாதிய. ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க. லைட்டு மங்குதா, அப்படியே நிக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது பிறகுதான் விளங்கியது. டக்டக்டக் என்று அடுக்கடுக்காக வந்தால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே, சில வண்டிகளில் கிளட்ச் மிதித்தால்தான் வேலை செய்கிற சுவிட்ச், இவற்றில் ஒன்று. ஒரே டக் என்றால் சாவியின் உத்தரவு மோட்டாரின் வாசல்வரை போய்விட்டது, மோட்டாரைச் சுற்றவைக்கிற பெரிய கரண்ட்தான் போகவில்லை. அப்போது ஹெட்லைட் மங்காமல் பளிச்சென்று நின்றால் பேட்டரிமேல் பழி போட முடியாது. பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வழியில்தான் அடைப்பு.

என் வண்டியில் லைட் மங்கவில்லை. போய்ச் சொன்னேன். "அப்ப செல்ஃப் மோட்டாரு, இல்லன்னா எர்த்து. இது உப்பு ஊரு, மொதல்ல எர்த்தப் பாப்போம்" என்றார்.

எர்த் என்று அவர் சொல்வது பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்பி வருகிற வழியை. கரண்ட் பிளஸ்ஸிலிருந்து தடித்த கேபிள் வழியாக மோட்டாருக்குப் போகும். திரும்பி வருவது எஞ்சின் உடம்பு வழியாக. எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், எஞ்சினையும் வண்டியின் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் செம்புப் பட்டையோ கேபிளோ போட்டிருப்பார்கள். சின்ன பெட்ரோல் கார் என்றாலும் செல்ஃப் சுற்றும்போது 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அவ்வளவும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். அதன் முனையில் 0.02 ஓம் தடை சேர்ந்தாலே மூன்று வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தால் அந்த 0.02 தெரியவே தெரியாது, எல்லாம் சரி என்று காட்டும். ஹெட்லைட்டுக்கு எர்த் பாடியிலேயே இருப்பதால் அது பாட்டுக்குப் பளிச்சென்று எரியும்.

ஆகவே செல்ஃப் எடுக்காத நேரத்தில், சாவி திரும்பிய நிலையில் அளக்க வேண்டும். அவர் மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் பிடித்துக்கொண்டு என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி எடுத்தது. மறுபடி. எடுத்தது. டீ வந்தது. வேறு ஒரு லாரிக்கு இன்டிகேட்டர் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி திருப்பினேன், எடுத்தது. அரை நாள் இப்படியே போனது. வெயில் இறங்கிக் கொண்டல் வீசத் தொடங்கிய பிறகு ஒரு திருப்பலில் 'டக்'. "அப்படியே பிடிங்க!" என்று கத்தினார். மீட்டர் எட்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. மோட்டாருக்கு மிச்சம் கிடைத்தது நாலு வோல்ட்கூட இல்லை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சினிலும் கவ்வவிட்டார். சாவியைத் தொட்டதும் எடுத்தது.

கீழே படுத்துக் கழற்றிய அந்தக் கேபிள் வெளியில் பார்க்க ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. முனையிலிருந்த கறுப்பு உறையை வெட்டினால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. சில இழைகள் கையோடு உதிர்ந்து வந்தன. மிச்ச இழைகள் எஞ்சின் ஆட்டத்துக்கு ஏற்ப ஒரு நேரம் தொட்டுக்கொண்டும் ஒரு நேரம் விலகியும் இருந்திருக்கின்றன. வண்டிக்கு நேரம் காலம் பார்க்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்தது.

முள்ளக்காட்டிலும் தருவைகுளத்திலும் வேப்பலோடையிலும் உப்பளம், மறுபக்கம் கடல். காற்றில் வரும் உப்புத் தூள் உலோகத்தின்மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து நீராகும். இரவில் இங்கே அது சாதாரணம். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று விசாரிக்கிற நாம், இந்த ஊர்க் காற்றில் வருஷக்கணக்கில் வெளியே நின்ற வண்டியா என்று விசாரிப்பதில்லை. டி.என். 69 என்றதும் நம்ம ஊர் வண்டி என்று ஒரு பாசம் வேறு. மதுரை, கோயம்புத்தூர்ப் பதிவு வண்டியைவிடக் கடலோர வண்டிக்குத்தான் எர்த் முனைகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்து, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் பல வருஷம் தொல்லை இல்லை.

இந்தத் தலைவலி 1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்ததோடு பிறந்தது. அதற்கு முன் கையால் சுற்றும் ஹேண்டில். நம் அம்பாசிடரில் செல்ஃப் இருந்தும் ஹேண்டில் கொடுத்திருந்தார்கள், அது புத்திசாலித்தனம். மின்சாரக் கார் வந்தால் இந்தக் கவலை ஒழியும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஆகஸ்ட் 4 முதல் நம் சிப்காட்டிலேயே வின்ஃபாஸ்ட் ஆலையில் மின்சாரக் கார்கள் தயாராகின்றன. பொதுவாக மின்சாரக் கார்களில் செல்ஃப் மோட்டார் கிடையாது. ஆனால் பெரிய பேட்டரியை விழிக்கவைக்க ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தும் வண்டி அசையாது. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை.

எனக்கு இதில் உறுத்துவது கூலிக் கணக்கு. புதுக் கேபிளின் விலை சில நூறு ரூபாய். அதோடு அவர் கேட்ட கூலி, அரை நாள் உட்கார்ந்ததற்கு, மிகக் குறைவு. அதையும் தயங்கித்தான் கேட்டார். "ஒரு கேபிள் மாத்துனதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறவர்களே அதிகமாம். தேவையில்லாத செல்ஃப் மோட்டாரை மாற்றிவிட்டுப் பல ஆயிரத்துக்குப் பில் நீட்டினால் மறுபேச்சில்லாமல் கொடுப்போம், ஏனென்றால் பளபளவென்று ஒரு பொருள் கைக்கு வந்திருக்கிறது. கழற்றிய பழையதையும் ஒரு சாக்கில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வோம். நம் ஒர்க்‌ஷாப் பில்களில் பார்ட்ஸுக்கு ஒரு வரி இருக்கிறது, பொருத்துகிற கூலிக்கு ஒரு வரி இருக்கிறது, கண்டுபிடித்ததற்கு வரி இல்லை. அந்த வரி இல்லாததால்தான் மெக்கானிக் மாற்றிப் பார்க்கிறார். மாற்றினால்தான் அவருக்குக் காசு. யோசித்தால் நஷ்டம்.

உங்கள் வண்டியும் சில நேரம் செல்ஃப் எடுக்காமல் போனால், முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள், அதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு போங்கள். போனதும், "என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கறதுக்கு எவ்வளவு?" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரீசியன் அரை நாள் செலவழித்து ஒரு கேபிளை மட்டும் மாற்றித் தந்தால் பேரம் பேசாதீர்கள். கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.