பேப்பர் போனா போகட்டும், ரிப்போர்ட்டர் போனா?

ஏதாவது ஒரு பத்திரிகையில் ஆட்குறைப்புன்னு செய்தி வந்தா போதும், நம்ம ஐடி மக்கள்கிட்ட ரெடிமேடா ஒரு பதில் இருக்கும். "காலம் மாறுது பாஸ். தந்தி போச்சு, டைப்ரைட்டர் போச்சு, இப்ப பேப்பர். அவங்களும் புதுசா எதையாவது கத்துக்கிட்டு வேற வேலைக்குப் போக வேண்டியதுதான்." ஆணி புடுங்குற நமக்கு வேலை போற பயம் பழகிப் போச்சா, நம்ம மருந்தையே ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துடறோம் :-)

இந்த மருந்து அங்கே கேட்காதுங்கிறது என் கட்சி. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் 100 பேரை வீட்டுக்கு அனுப்பினா, அந்த வேலையைப் பெரும்பாலும் வேற ஊர்லயோ வேற கம்பெனியிலயோ யாராவது செய்வாங்க. நகராட்சிக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்த நிருபரை அனுப்பிட்டா, அடுத்த கூட்டத்துல அந்த நாற்காலி காலியாத்தான் கிடக்கும். வேலை இடம் மாறலை. வேலையே நடக்கலை.

உதாரணத்துக்கு அமெரிக்காவில் டென்வர் நகரத்தை எடுத்துக்கலாம். அங்கே ராக்கி மவுண்டன் நியூஸ்னு ஒரு நாளிதழ். 1859 ஏப்ரல் 23-ல் ஆரம்பிச்சது. கடைசி இதழ் 2009 பிப்ரவரி 27. 150-வது பிறந்தநாளுக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட பாக்கி இல்லை. தரம் போச்சு, அதான் மூடிட்டாங்கன்னும் சொல்ல முடியாது. 2000-லிருந்து மூடுறதுக்குள்ள நாலு புலிட்சர் பரிசு வாங்கின பத்திரிகை அது. ஆனா 2008-ல் மட்டும் 1.6 கோடி டாலர் நஷ்டம்னு முதலாளியான ஸ்க்ரிப்ஸ் கம்பெனி கணக்கு சொல்லிச்சு. விக்கப் பார்த்தாங்க, சரியான ஆள் கிடைக்கலை. இழுத்து மூடிட்டாங்க.

பணம் எங்கே போச்சு? "எல்லாரும் நெட்ல ஓசியில படிக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதான்" என்பது பொதுவான பதில். அதுவும் உண்டு, மறுக்கலை. ஆனா பெரிய அடி விழுந்தது வரி விளம்பரத்துல. வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு, ஆட்கள் தேவை... இந்தச் சின்னச் சின்ன விளம்பரங்கள் மூலமா அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு 2000-ல் வந்தது சுமார் 1,960 கோடி டாலர். 2009-ல் அது சுமார் 620 கோடி. நடுவுல பொருளாதாரச் சரிவும் சேர்ந்துக்கிச்சு. 1995-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மின்னஞ்சல் பட்டியலா ஆரம்பிச்ச க்ரெய்க்ஸ்லிஸ்ட், இந்த விளம்பரங்களைப் பெரும்பாலும் இலவசமாவே போட விட்டுச்சு. அப்புறம் எவன் பேப்பருக்குக் காசு கொடுப்பான்?

யோசிச்சுப் பாருங்க. பழைய சோஃபாவை விக்கறவர் கொடுத்த காசுலதான் நகராட்சி நிருபர் சம்பளம் வாங்கினார். ரெண்டும் ஒரே தாள்ல அச்சானதைத் தவிர வேற சம்பந்தமே கிடையாது. நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு மாட்யூலையும் பிரிச்சுட்டோம். சோஃபா மாட்யூல் முன்னைவிட நல்லா ஓடுது. நிருபர் மாட்யூலுக்கு யார் பில் கட்டறதுன்னு யாரும் யோசிக்கலை. பியூ ஆய்வு மையத்தோட கணக்குப்படி, 2008-ல் அமெரிக்க நாளிதழ்களின் செய்திப் பிரிவுகள்ல சுமார் 71,000 பேர் இருந்தாங்க. 2020-ல் சுமார் 31,000 பேர்.

சரி, நிருபர் இல்லைன்னா என்ன குடி முழுகிடும்?

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல பெல்னு ஒரு சின்ன ஊர். சுமார் 35,000 பேர், பெரும்பாலும் ஏழைபாழைங்க. அந்த ஊர் நகராட்சி மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோவோட வருஷச் சம்பளம் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர்! அமெரிக்க ஜனாதிபதிக்கே 4 லட்சம்தான். 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் விவெஸ் ரெண்டு பேரும் இதை வெளியே கொண்டுவந்தாங்க. அவங்க முதல்ல விசாரிச்சுக்கிட்டு இருந்தது பக்கத்து ஊரான மேவுட் விவகாரத்தை. அதைத் தோண்டும்போது இது மாட்டிச்சு. 2011-ல் புலிட்சர், 2014-ல் ரிஸ்ஸோவுக்கு 12 வருஷ ஜெயில். நல்ல முடிவுதான். ஆனா அந்தச் சம்பளம் ஒரே நாள்ல ஏறினது இல்லை. வருஷக்கணக்கா ஏறிக்கிட்டே இருந்தப்ப அந்த ஊர் மன்றத்துல வாரா வாரம் போய் உட்கார ஒரு நிருபர்கூட இல்லை.

வேலை போனவங்க எப்படிச் சமாளிச்சாங்கன்னு பார்க்க மறுபடி டென்வருக்கு வருவோம். ராக்கியில் இருந்த சிலர் சேர்ந்து உடனே ஒரு இணையதளம் திட்டம் போட்டாங்க. 2009 ஏப்ரல் 23-க்குள்ள, அதாவது 150-வது பிறந்தநாளுக்குள்ள, 50,000 பேர் சந்தா கட்டறதா சொன்னா முழு மூச்சா நடத்தறதுன்னு ஏற்பாடு. வந்தது சுமார் 3,000 பேர். "ஐயோ, போயிடுச்சே"ன்னு வருத்தப்பட்டவங்கள்ல பணம் கட்ட வந்தது அவ்வளவுதான்.

மிச்சமிருந்த டென்வர் போஸ்ட்டோட கதை 2018-ல். ஆல்டன்னு ஒரு முதலீட்டு நிறுவனம்தான் முதலாளி. சுமார் நூறு பேர் இருந்த செய்திப் பிரிவுல 30 பேரை எடுக்கறோம்னு அறிவிச்சாங்க. பத்திரிகையோட தலையங்கப் பக்கமே சொந்த முதலாளியைப் பிணந்தின்னிக் கழுகுன்னு எழுதிச்சு. அந்த வருஷமே அங்கிருந்து வெளியேறின பத்துப் பேர் 'கொலராடோ சன்' ஆரம்பிச்சாங்க. மக்கள்கிட்ட நிதி கேட்டப்ப கொடுத்தது சுமார் 2,600 பேர், தொகை 1.6 லட்சம் டாலருக்கு மேல. 2009-ல் வந்த கூட்டத்தைவிடக் கொஞ்சம் கம்மிதான்! ஆனா இவங்க 50,000-னு கனவு காணலை. பத்துப் பேருக்குத் தாங்குற மாதிரி கடையைப் போட்டாங்க. 2023-ல் லாப நோக்கமில்லாத அமைப்பாவும் மாறி, இன்னும் நடக்குது.

எனக்கு இதுல நம்பிக்கையும் இருக்கு, பயமும் இருக்கு. பத்துப் பேரால ஒரு மாநிலத்தோட பெரிய விவகாரங்களைப் பார்க்க முடியும். ராக்கியில் இருந்த 200-க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் போய் உட்கார்ந்த எல்லா நாற்காலிக்கும் அவங்களால போக முடியாது.

அதனால, வேலை போன நிருபர்கிட்ட "பைத்தான் கத்துக்கோங்க சார்"னு சொல்லாதீங்க. அவர் கத்துப்பார், நல்லாவும் சம்பாதிப்பார். நஷ்டம் அவருக்கு இல்லை, அந்த ஊருக்கு. பதிவர்களான நாமளும் ஒண்ணை ஒத்துக்கணும். நம்ம பதிவுகள்ல முக்கால்வாசி, யாரோ ஒரு நிருபர் போய்ப் பார்த்து எழுதினதுக்கு நாம போடற பின்னூட்டம்தான். மாசம் ஒரு காபிக்கு ஆகுற காசை, நம்ம ஊர் விஷயத்தை ஒழுங்கா விசாரிச்சு எழுதற ஒரே ஒரு பத்திரிகைக்காவது சந்தாவா கட்டலாம். காகிதமா இணையமாங்கிறது பிரச்சனையே இல்லை. கூட்டத்துக்கு ஆள் அனுப்பறாங்களா, அதை மட்டும் பாருங்க.

டிஸ்கி: "விளம்பரத்துக்காக செய்தியை அமுக்கினவங்கதானே இவங்க"ன்னு கேட்கப் போறீங்க, தெரியும். அதுவும் நடந்திருக்கு. அதுக்குத் தனிப் பதிவே போடலாம். இப்போதைக்குப் பின்னூட்டத்துல கும்முங்க மக்கா :-)