கடலுக்குத் தோள் காட்டும் வீடுகள்
க்ரோவி என்று எழுதிவிட்டு க்ரிவி என்று சொல்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களிடம் காரணம் கேட்டுப் பயனில்லை. வடகிழக்குக் கரையில், செங்குத்தான சரிவுக்கும் அலைக்கும் நடுவே ஒற்றை வரிசையாய் ஒண்டிக்கொண்டிருக்கும் மீனவ ஊர். அதன் புகைப்படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் பல கடலுக்கு முகம் காட்டாமல் பக்கச்சுவரைக் காட்டி நிற்பது நேற்றுதான் உறைத்தது. சோறு போடும் கடல்தான். ஆனாலும் வாசலை அதன் பக்கம் திறந்துவைக்கத் துணிச்சல் வரவில்லை போலும். ஆட்டுப் பண்ணைக்காக உள்நாட்டு நிலங்களிலிருந்து விரட்டப்பட்ட குடியானவர்கள் வந்து சேர்ந்த இடம் என்பார்கள். அந்தக் கரையோரப் பெண்கள் தங்கள் ஆண்களை முதுகில் சுமந்துபோய்ப் படகில் ஏற்றிவிடுவார்களாம், கால் நனையாமல் தொழிலுக்குக் கிளம்பட்டும் என்று. பாவாடை சொட்டச் சொட்ட அவர்கள் கரையேறுவதை நினைத்தால் எனக்கு இங்கே குளிர்கிறது. 1953 ஜனவரி 31 அன்று அடித்த புயல் சில வீடுகளையும் நடைபாதையையும் வாரிக்கொண்டு போனது. அதன்பின் பலர் ஊரைவிட்டே போனார்கள். அவர்களுடைய வீடுகள் விடுமுறைக்கு வருகிறவர்கள் கைக்குப் போயின. வீட்டு வாசல்வரை இன்றும் கார் போகாது. பெட்டியும் மளிகையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில்தான் போகின்றன.