கழிக்க வேண்டியதைக் கூட்டினால்

என் பேத்தி அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். போன வாரம் வீடியோ காலில் வந்தவள் ஒரே புலம்பல். "தாத்தா, ஐபேட்ல கோடு போட்டா எந்தத் திசை பிடிக்கணும்னு தானா வந்துடுது. எங்க இன்ஸ்ட்ரக்டர் மட்டும் கிராஸ் கன்ட்ரி பிளானைப் பேப்பர்லதான் போடணும்னு பிடிவாதம் பிடிக்கிறார்."

நான் அந்த இன்ஸ்ட்ரக்டர் கட்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மேப்பில் உள்ள வடக்கு வேறு, காந்த ஊசி காட்டும் வடக்கு வேறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தை விமானிகள் வேரியேஷன் என்கிறார்கள். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அதற்குப் பெயர் 'தெக்லினேசோன்'. லத்தீன் வகுப்பில் வேற்றுமைக்கும் அதே சொல்தான். இரண்டிலுமே எனக்கு மார்க் குறைவு.

நம் ஊரில் இந்தக் கோணம் ஒன்றிரண்டு டிகிரிதான். மறந்தாலும் பெரிய மோசமில்லை. சியாட்டிலில் அது சுமார் 15 டிகிரி கிழக்கு. அதே நாட்டின் மறுகோடியில், பாஸ்டனில், சுமார் 14 டிகிரி மேற்கு. கிழக்கு என்றால் கழிக்க வேண்டும், மேற்கு என்றால் கூட்ட வேண்டும். சியாட்டிலிலிருந்து நேர் கிழக்கே போவதற்கு மேப்பில் 90 டிகிரி. காற்றில்லாத நாளில் அதில் 15 போக, காந்த ஊசியில் 75 பிடிக்க வேண்டும்.

அவசரத்தில் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டி 105 பிடித்தால்? தவறு 15 டிகிரி அல்ல, 30 டிகிரி. கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது பழகிய சங்கதி. வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதிவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகும். அதனால்தான் கணக்கு இடித்தால், இடிக்கும் தொகையில் பாதியை லெட்ஜரில் தேடுவோம். நாங்கள் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடலாம். ஆகாயத்தில் அந்த வசதி கிடையாது. 30 டிகிரி தவறோடு 60 கடல் மைல் பறந்தால், போக வேண்டிய இடத்திலிருந்து சுமார் 30 கடல் மைல் தள்ளி இருப்போம். அந்தப் பக்கம் காஸ்கேட் மலைத்தொடர் வேறு இருக்கிறது.

ஐபேட் கூட்டல் கழித்தலில் தப்புச் செய்யாதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நாம் கொடுத்ததை வைத்துத்தான் அது விடை சொல்லும். மேலே வீசும் காற்றின் முன்னறிவிப்பு மேப்பின் வடக்கை வைத்து வருகிறது. கன்ட்ரோல் டவரில் இருப்பவர் வாயால் சொல்லும் காற்றோ காந்த வடக்கை வைத்தது. எது எந்த வடக்கு என்று புரியாதவர் இரண்டையும் கலந்துவிடுவார்.

போதாக்குறைக்கு, இந்தக் கோணம் நிலையாக நிற்பதும் இல்லை. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்டுபிடித்த காந்த துருவம் இன்று ஆர்க்டிக் கடலைத் தாண்டி சைபீரியா பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. உலகக் காந்த மாதிரியை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். 2019இல் கெடுவுக்கு முன்னதாகவே திருத்த வேண்டி வந்தது. ஓடுபாதைகளுக்கு எண் வைப்பதும் காந்தத் திசையை வைத்துத்தான் என்பதால், 2011இல் ஃப்ளோரிடாவின் டாம்பா விமான நிலையத்தில் 18 என்ற ஓடுபாதையை 19 என்று மாற்றி எழுதினார்கள். ஆகவே பழைய மேப்பும் ஆபத்து, புதுப்பிக்காத ஐபேடும் ஆபத்து.

ஐபேடைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. முதலில் பேப்பரில் போடு, பிறகு ஐபேடோடு ஒத்துப் பார் என்கிறேன். எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், மொத்தம் உத்தேசமாக எவ்வளவு வரும் என்று மனதில் வைத்திருந்தவர்தான் தப்பான பட்டியலைப் பார்த்ததும் பிடித்தார். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். 75க்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று தெரிந்தவளுக்குத்தான் 105ஐப் பார்த்ததும் உறுத்தும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "முதல் பிளான்ல நான் கூட்டித்தான் போட்டிருந்தேன், தாத்தா. அவர்தான் சிவப்புப் பேனால சுழிச்சுக் கொடுத்தார்."