சல்யூட் அடிக்கலைன்னா உஷார்! – பிரிட்டன் கார் சங்கம் கம்பெனியான கதை

வேகமாக வரும் கார்களைப் பிடிக்க ரோட்டோரம் போலீஸ் மறைந்து நிற்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்னாடியே சைக்கிளோடு நிற்கும் ஒருவர், வருகிற கார்களை எல்லாம் ‘மெதுவா போங்க’ என்று எச்சரிக்கிறார். அதுதான் அவருக்கு வேலையே!

இது நடந்தது 1905-ல், இங்கிலாந்தில். அவரை வேலைக்கு வைத்தது அந்த ஆண்டு லண்டனில் தொடங்கிய ‘ஆட்டோமொபைல் அசோசியேஷன்’, சுருக்கமாக ஏ.ஏ. இன்று பிரிட்டனில் கார் நடுவழியில் நின்றுபோனால், பலரும் போன் போடுவது இவர்களின் மஞ்சள் வண்டிக்குத்தான்.

சுவாரஸ்யமான வரலாறுதான். ஆனால், இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்தச் சங்கத்தை அதன் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு விற்றார்கள். அது நல்ல பேரமா? இல்லை என்பதுதான் என் கருத்து.

சல்யூட்டில் ஒரு சிக்னல்

அப்போது பிரிட்டனில் வேக வரம்பு மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கி.மீ. அதைத் தாண்டுபவர்களைப் பிடிக்க, குறிப்பிட்ட தூரத்தைக் கார் எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து போலீஸ் கணக்குப் பார்த்தது. கார் வைத்திருந்தவர்களுக்கு இதில் செம கடுப்பு.

1910-ல் ஒரு வழக்கில், வேகமாக வரும் டிரைவரை இப்படி எச்சரிப்பது போலீஸ் பணிக்கு இடையூறு செய்யும் குற்றம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் வேறு வழி கண்டுபிடித்தது. காரில் சங்கத்தின் பேட்ஜ் இருந்தால் ரோந்துக்காரர் சல்யூட் அடிப்பார். அடிக்கவில்லையா? வண்டியை நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள் என உறுப்பினர்களிடம் சொன்னது. எச்சரித்தால்தானே கேஸ்? சல்யூட் அடிக்காததற்கு யார் மேல் கேஸ் போடுவது? இந்த சல்யூட் பழக்கம் 1960-களின் தொடக்கம் வரை இருந்தது.

டிமிக்கியில் தொடங்கி...

ஆக, ஆரம்பம் ஒன்றும் புனிதமானது இல்லை. வசதியானவர்கள் சட்டத்துக்கு டிமிக்கி கொடுக்கப் போட்ட கூட்டணி அது. ஆனால், உறுப்பினர்களுக்கு ரோட்டில் என்ன தேவையோ, அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் சங்கத்துக்கு இருந்தது. அதன் பலன் மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஊர்ப்பெயர், வளைவு, ஆபத்து என ஆயிரக்கணக்கான சாலைப் பலகைகளை நட்டது இந்தச் சங்கம். 1930-களில்தான் அந்த வேலை முழுக்க உள்ளாட்சிகளிடம் போனது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஆல்டர்மாஸ்டன் என்ற ஊரில் பெட்ரோல் நிலையம் திறந்தது. பிரிட்டனில் இதுவே முதல் சாலையோர பெட்ரோல் நிலையம் என்பார்கள். 1949-ல் லண்டனில் இரவு நேர பிரேக்டவுன் உதவியும் வந்தது.

1999-ல் நடந்தது என்ன?

புதிய கம்பெனிகளின் போட்டி, முதலீட்டுக்குப் பணம் தேவை போன்ற காரணங்கள் சொல்லப்பட்டன. பிரிட்டிஷ் கேஸ் விற்பனையை நடத்தும் சென்ட்ரிகா நிறுவனம் 110 கோடி பவுண்ட் தருவதாகச் சொன்னது. பெரும்பான்மை உறுப்பினர்கள் சரி என்று வாக்களித்தார்கள். தகுதியுள்ளவர்களுக்குத் தலைக்கு 200 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. சும்மா வந்த பணம், யார் வேண்டாம் என்பார்கள்?

ஐந்தே ஆண்டுகளில், 2004-ல், அதே நிறுவனம் ஏ.ஏ-வை முதலீட்டு நிறுவனங்களுக்கு 175 கோடி பவுண்டுக்கு விற்றது. பிறகு பங்குச்சந்தை, மறுபடி 2021-ல் வேறு முதலீட்டு நிறுவனங்கள். அப்போது அதன் தலையில் இருந்த கடன் 250 கோடி பவுண்டுக்கும் மேல். 1999-க்குப் பிறகு நடந்த இந்தக் கைமாற்றங்களில், சந்தா கட்டுபவர்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் இப்போது வாடிக்கையாளர்கள்.

இன்னொரு கூத்தும் அதே 1999-ல் நடந்தது. போட்டி அமைப்பான ராயல் ஆட்டோமொபைல் கிளப், தன் பிரேக்டவுன் சேவையை விற்றது. லண்டன் கிளப்பின் முழு உறுப்பினர்களுக்கு ஆளுக்கு 30,000 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. சேவைக்குச் சந்தா கட்டிய லட்சக்கணக்கானவர்களுக்கு? ஒன்றும் இல்லை. அவர்களும் ‘மெம்பர்’தான், ஆனால் உரிமையாளர் இல்லை.

அப்போ சங்கம்னா சுத்தமா?

அப்படியும் இல்லை. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. இன்னும் உறுப்பினர் சங்கமாகவே இருக்கிறது. 2 கோடிக்கு மேல் உறுப்பினர்கள். 2014-ல், தங்கள் கார் விருதுக்கான வாக்கு எண்ணிக்கையில் தில்லுமுல்லு செய்தது அம்பலமாகி, தலைவர் ராஜினாமா செய்ய நேர்ந்தது. சங்கங்களும் தப்பு செய்யும். ஆனால், அங்கே தலைமையைக் கேள்வி கேட்க உறுப்பினர்களுக்கு உரிமை இருக்கிறது. கம்பெனி வாடிக்கையாளருக்கு இருப்பது ஒரே வழி: சந்தாவை நிறுத்துவது.

ஏ.ஏ. ரோந்து வண்டிகள் இன்றும் ஓடுகின்றன, கார்களைச் சரிசெய்கின்றன. போனது சேவை இல்லை, 94 ஆண்டுகளாக உறுப்பினர்கள் கையில் இருந்த பிடி. அதற்குக் கிடைத்த விலை 200 சொச்சம் பவுண்ட்.

உங்கள் போனிலும் நாலைந்து ‘மெம்பர்ஷிப்’ இருக்கும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள்: நாளைக்கு இதை யாராவது விற்றால், உங்களை ஒரு வார்த்தை கேட்பார்களா? கேட்க மாட்டார்கள் என்றால், நீங்கள் மெம்பர் இல்லை, கஸ்டமர்.