பாலர் பள்ளிக்கு அரசாங்கப் பணம்: லாபமா, நஷ்டமா?

காலை எட்டு மணி. குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ தெருவில் நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே, மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வேகமாகப் போவார். பிள்ளையை எங்காவது விட்டுவிட்டு அவர் தறிக்குப் போக வேண்டும்.

எங்கே விடுவது?

மாமியார் வீட்டில் இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, அங்கன்வாடி. அங்கே காசு இல்லை. இரண்டாவது, தெருக்கோடியில் இருக்கும் பாலர் பள்ளி. எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறோமே, அதுதான். அங்கே பணம் கட்ட வேண்டும். மூன்றாவது, பக்கத்து வீட்டு ஆயா. மாதம் ஒரு தொகை கொடுத்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.

பணம் வாங்கிப் பிள்ளை பார்ப்பது சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒரு தொழில். பெரும்பாலும் பெண்கள் செய்யும் தொழில். அந்தத் தொழிலுக்குள் இப்போது அரசாங்கப் பணம் நுழைந்திருக்கிறது.

"ஏனுங்க டீச்சர், பீஸ் கட்டாம எடம் குடுக்கறாங்களாமா. நம்ம பள்ளிக்கூடத்துல அது உண்டுங்களா?"

சித்திரை பிறந்தால் பாலர் பள்ளி வாசலில் இந்தக் கேள்விதான். கேட்கும் தாய்க்கு அது நல்ல செய்தி. பதில் சொல்லும் டீச்சருக்கு?

100-க்கு 25 இடம்

முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. தனியார் பள்ளியில் பிள்ளைகள் முதலில் சேரும் வகுப்பில், 100-க்கு 25 இடத்தை ஏழை எளிய பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

தமிழ்நாட்டில் பல பள்ளிகளுக்கு முதல் வகுப்பு என்பது எல்.கே.ஜி. ஆகவே மூன்று வயதுப் பிள்ளைக்கே இந்த இடம் கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவான குடும்பங்கள் மனுப் போடலாம். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மனு அதிகமானால் குலுக்கல்.

அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அரசாங்கம் பள்ளிக்குக் கட்டும். எவ்வளவு? அரசாங்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு ஒரு பக்கம். இந்தப் பள்ளி வாங்கும் கட்டணம் ஒரு பக்கம். இரண்டில் எது குறைவோ, அது!

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது.

பஸ், நீச்சல் குளம் எல்லாம் வைத்திருக்கும் பெரிய பள்ளியின் கட்டணம் அதிகம். அரசாங்கம் அவ்வளவு தராது. காகிதத்தில் பார்த்தால் பெரிய பள்ளிக்குத்தான் நஷ்டம். சின்னப் பள்ளியின் கட்டணம் குறைவு. அதனால் முழுக் கட்டணமும் அரசாங்கத்திடமிருந்து வந்துவிடும். காகிதத்தில் அதற்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

ஆனால் திணறுவது சின்னப் பள்ளிதான். ஏன்?

ஒரு கணக்கு

ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் எல்.கே.ஜி. நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 பிள்ளைகள். தலைக்கு மாதம் 1,000 ரூபாய். வரவு 40,000.

செலவு என்ன? வாடகை 9,000. இரண்டு டீச்சருக்கு 18,000. ஆயாவுக்கு 5,000. மின்சாரம், சாக்பீஸ், சில்லறை 2,000. மொத்தம் 34,000. மீதி 6,000. நடத்தும் அம்மாவின் குடும்பத்துக்கு அதுதான் வருமானம்.

இப்போது அந்த 40-ல் 10 பிள்ளைகள் அரசாங்கக் கணக்கில் சேருகிறார்கள். கைக்கு வருவது 30,000. செலவு அதே 34,000. மாதம் 4,000 துண்டு விழுகிறது. வீட்டுக்கு வந்த 6,000-மும் இல்லை.

அரசாங்கம் ஏமாற்றவில்லை. ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் தர வேண்டும், ஒருநாள் வரும். ஆனால் வாடகைக்காரர் முதல் தேதி வந்து நிற்பார். டீச்சர் ஐந்தாம் தேதி சம்பளம் கேட்பார். "அரசாங்கப் பணம் வரட்டும்" என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

மாதம் 4,000 ரூபாயை இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று வையுங்கள். ஆண்டு முடிவில் கடன் 48,000. அந்த ஆண்டுப் பணம், இரண்டாவது ஆண்டு முடிவில்தான் வந்தது என்றால் அதற்குள் ஏறிய வட்டி மட்டும் 16,800 ரூபாய்! இரண்டாவது ஆண்டு வாங்கும் கடனை நான் இதில் சேர்க்கவே இல்லை.

பெரிய பள்ளிக்கு இருப்பு உண்டு. பேங்கில் செல்வாக்கும் உண்டு. தாமதத்தைத் தாங்கும். குறைவதை மற்றப் பெற்றோரின் கட்டணத்தில் ஏற்றிவிடவும் வழி பார்க்கும். சின்னப் பள்ளி கட்டணத்தை 200 ரூபாய் ஏற்றினால் நாலு பிள்ளைகள் அடுத்த தெருப் பள்ளிக்குப் போய்விடுவார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

அதே பள்ளியில் 40 இடம் இருந்தும் 25 பிள்ளைகள்தான் வருகிறார்கள் என்றால்? வரவு 25,000. செலவு 34,000. மாதம் 9,000 நஷ்டம். அங்கே 10 அரசாங்கப் பிள்ளைகள் வந்து காலி பெஞ்சில் உட்கார்ந்தால், பணம் தாமதமாக வந்தாலும் கணக்கு நேராகிவிடும். பத்துப் பேர் கூடியதால் வாடகை ஏறப் போவதில்லை. அது மட்டுமல்ல, எல்.கே.ஜி.யில் வந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு வரை அங்கேயே படிக்கும். தம்பி, தங்கை பணம் கட்டிச் சேர்வதும் உண்டு. இழுத்து மூட இருந்த பள்ளிக்கு இந்த இடங்கள் உயிர் கொடுக்கும்.

நிறைந்த பள்ளிக்குச் சுமை. காலிப் பள்ளிக்குத் துணை. ஒரே சட்டம்தான்!

2025-ல் நடந்தது

பணம் வரத் தாமதமாகிறது என்று தனியார் பள்ளிச் சங்கங்கள் பல ஆண்டுகளாகவே முறையிட்டு வந்தன. 2025-ல் அது உச்சத்துக்குப் போனது.

மத்திய அரசாங்கம் தன் பங்கை 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின் வழியே தருகிறது. 100-க்கு 60 மத்திய அரசாங்கம், 40 மாநில அரசாங்கம். புதிய கல்விக் கொள்கை தகராறில் அந்தப் பணம் நிறுத்தப்பட்டது. வழக்கமாகக் கோடையில் தொடங்கும் இலவச இடச் சேர்க்கை அந்த ஆண்டு தொடங்கவே இல்லை.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இந்தப் பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று ஜூன் மாதம் நீதிமன்றம் கூறியது. மத்தியப் பணம் வரவில்லை என்று மாநிலமும் கையை விரிக்க முடியாது என்றது.

கடைசியில் அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அதற்குள் பள்ளி திறந்து நாலு மாதம் ஓடிவிட்டது! பிள்ளைகள் ஏற்கெனவே கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்களிலிருந்தே தகுதியானவர்களை எடுத்துக்கொள்ளுங்கள், வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பள்ளிகளுக்கு உத்தரவு போனது.

பெற்றோருக்கு அது நியாயம். ஆனால் ஜூனில் வாங்கிய பணம் ஜூலையிலேயே டீச்சர் சம்பளமாகப் போயிருக்கும். கட்டணம் கட்ட வழியில்லாமல், பிள்ளையைச் சேர்க்காமலே விட்ட குடும்பங்களோ இந்தக் கணக்கில் வரவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

எதிர்க் கடை அங்கன்வாடி

அரசாங்கம் ஒரு கையால் தனியார் பள்ளிக்குப் பணம் கட்டுகிறது. இன்னொரு கையால் தானே பிள்ளை பார்க்கிறது.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ந் தேதி பிறந்தது. 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு சின்னப் பிள்ளைகளுக்கும் சோறு கிடைத்தது. 1989-ல் முட்டை வந்தது. நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு அது நல்ல வியாபாரமும் ஆயிற்று. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடிகள் உண்டு.

சோறு உண்டு, முட்டை உண்டு, காசு இல்லை. பிறகு ஏன் ஏழைத் தாய் கடன் வாங்கி நர்சரிக்கு அனுப்புகிறார்? ஏ, பி, சி, டி! ஷூ, டை! "எம் புள்ள எல்.கே.ஜி. போறான்" என்று சொல்லும் பெருமை!

அரசாங்கமும் இதைக் கவனித்தது. 2019 ஜனவரியில், அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி, அரசுப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கினார். 2022 ஜூனில் அவற்றை மூடப் போவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. சில நாளிலேயே, வகுப்புகள் தொடரும் என்று அறிவிப்பு வந்தது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் டீச்சர்கள் போடப்பட்டார்கள்.

அந்தத் தெருவில் பாலர் பள்ளி நடத்துகிறவர் நிலையை நினைத்துப் பாருங்கள். இந்த வாரம் மூடுகிறார்களாம், அடுத்த வாரம் இல்லையாம். எத்தனை பிள்ளை வருமென்று எதை நம்பி இரண்டாவது டீச்சரை வைப்பார்?

செலவைக் குறைக்கவும் வழி இல்லை. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீக்கு இரையானார்கள். அதன் பிறகு கீற்றுக் கொட்டகைக்கு இடமில்லை. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று எல்லாம் வேண்டும். வேண்டியதுதான், அதில் பேரம் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பணம் ஆகும்.

பக்கத்து வீட்டு ஆயாவின் கதை இன்னும் மோசம். அவருடைய திண்ணை அங்கீகாரம் பெற்ற பள்ளி அல்ல. அரசாங்கப் பணம் அவருக்கு ஒரு காசும் வராது. பிள்ளைகள் மட்டும் குறைவார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு 9 மாதம் முதல், ஆண்டில் 38 வாரம், வாரம் 30 மணி நேரம் அரசாங்கமே பணம் தருகிறது. 2025 செப்டம்பரில் அது முழுமையாக அமலுக்கு வந்தது. அங்கேயும் வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்கள், அரசாங்கம் தரும் தொகை கட்டுப்படியாகவில்லை என்று முறையிடுகிறார்கள்.

நாலு மணிக்கு மேல்

ஆனால் ஆயாவிடம் ஒன்று இருக்கிறது. அங்கன்வாடியிடமும் பள்ளியிடமும் இல்லாதது. அது நேரம்!

அங்கன்வாடி மாலை நாலு மணிக்குள் முடிந்துவிடும். பாலர் பள்ளியும் அப்படித்தான். தார் சுற்றும் தாயோ, சேகோ ஆலையில் கிழங்கு உரிக்கும் தாயோ, கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் தாயோ நாலு மணிக்கு வீடு திரும்ப முடியுமா?

2022 முதல் மத்திய அரசாங்கத்தின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைக் காப்பகங்கள் வருகின்றன. நாளைக்கு ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டு மணி நேரத் தறி ஷிப்டுக்கு அதுவும் போதாது.

பகல் முழுவதும் பிள்ளை பார்த்தவர்கள், இனி காலை இரண்டு மணி நேரமும் மாலை நாலு மணி நேரமும் மட்டும் பார்த்தால் போதும். அங்கன்வாடிக்குக் கொண்டுபோய் விடுவது, கூட்டி வருவது, டீயும் பன்னும் கொடுப்பது, அம்மா வரும்வரை விளையாட விடுவது. அந்த நேரத்துக்கு அரசாங்கம் யாருக்கும் பணம் தருவதில்லை. தாய்தான் தருவார், வாரக் கூலி வாங்கிய அன்றைக்கு, கையோடு.