எழுதுகிற கைக்குத் திரும்பாத எண்

ஓசூரை அடுத்த மத்திகிரியிலிருந்து அத்திப்பள்ளிக்கு 15 கிலோமீட்டர்கூட இருக்காது. ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே பிளேட்டிங் செய்து தரும் பட்டறையில் காலையில் இறக்கிய சரக்கு மாலைக்குள் எங்கள் யூனிட்டுக்குத் திரும்பிவிடும். தூத்துக்குடியிலிருந்து ஒரு பொருள் வரவேண்டுமென்றால் லாரி ராத்திரி முழுக்க ஓட வேண்டும். ஆனால் கொள்முதல் அறிக்கையைத் திறந்தால் அத்திப்பள்ளிக்காரர் ‘வெளிமாநிலம்’ என்ற கட்டத்தில் இருப்பார், தூத்துக்குடிக்காரர் ‘உள்மாநிலம்’ என்ற கட்டத்தில் இருப்பார். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் செய்கிற வேலை இது. 29 என்றால் கர்நாடகம், 33 என்றால் தமிழ்நாடு. வரிக் கணக்குக்கு அந்தப் பிரிப்பு மிகச் சரி. அதே பிரிப்பை எடுத்துக்கொண்டு ‘வெளிமாநில சப்ளையர்களைக் குறைத்தால் சரக்கு சீக்கிரம் வரும்’ என்று ஒருவர் முடிவு கட்டினால், பக்கத்து ஊர்க்காரரின் ஆர்டரைப் பிடுங்கி 400 கிலோமீட்டருக்கு அப்பால் கொடுத்திருப்போம்.

பெங்களூரில் நடந்த தரவுத்தள மாநாடு ஒன்றுக்குப் போய்வந்ததிலிருந்து இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிறுவனத்தின் தரவுகளை வைத்து முடிவெடுக்க உதவும் மென்பொருள்களுக்கு பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்று பெயர். அதையும் அதற்கு அடியில் இருக்கும் தரவுத்தளங்களையும் பற்றிய கூட்டம் அது. ஓசூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. தரவுப் பொறியியலுக்கான உலக அளவிலான ஐசிடிஇ மாநாடு 2003-ல் பெங்களூருக்கு வந்தது. ‘ஃபிஃப்த் எலிஃபன்ட்’ என்ற தரவு மாநாடு 2012-ல் அங்கே தொடங்கியது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துபவர்களும் அங்கேதான் கூடுகிறார்கள். பஸ் ஏறினால் 40 கிலோமீட்டர். இருந்தும் எங்கள் தொழிற்பேட்டையின் சின்ன யூனிட்களிலிருந்து யாரும் போவதில்லை. அது சாஃப்ட்வேர்க்காரர்களின் சமாசாரம் என்று விட்டுவிடுகிறோம்.

ஸ்டால்களில் காட்டப்படும் திரைகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. வட்டமும் பட்டையுமாக அழகாக இருக்கின்றன. அவற்றுக்குள் ஓடுவது டெமோவுக்காகத் துடைத்து வைத்த தரவு. எனக்குப் பலன் தந்தது, ரால்ஃப் கிம்பல் 1996-ல் எழுதிய ‘தி டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்’ புத்தகத்திலிருந்து இந்தத் துறை முழுக்கப் பரவிய ஒரு கேள்வி. அட்டவணையில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது? ஒரு பீஸையா, ஒரு டிரேயையா, ஒரு ஷிஃப்டையா? இதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிவைக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்பார் கிம்பல். கேட்கும்போது பாலர் பாடம் போலத்தான் இருக்கும். லைனில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

உதாரணத்துக்கு ஒரு ஷிஃப்டை எடுத்துக்கொள்வோம். ஸ்டோர்ஸிலிருந்து 406 பீஸ் மூலப்பொருள் வாங்கியிருக்கிறார்கள். அதில் 6 பீஸ் மெஷின் செட்டிங்குக்குப் போய்விட்டது. மீதி 400 ஓடியது. கேஜ் வைத்துப் பார்த்ததில் 14 பீஸ் தேறவில்லை. அந்த 14-ல் 9 பீஸை ரீவொர்க் செய்து காப்பாற்றிவிட்டார்கள், 5 ஸ்கிராப். இப்போது ரிஜெக்‌ஷன் எவ்வளவு? புரொடக்‌ஷன்காரர் 400-க்கு 5 என்று கணக்குப் போட்டு 1.25 சதவீதம் என்பார். குவாலிட்டிக்காரர் 14-ஐ எடுத்துக்கொண்டு 3.5 என்பார். ஸ்டோர்ஸ்காரருக்குத் திரும்பி வராத பொருள் 11. அதனால் அவர் சொல்வது 2.7. மூன்று பேருமே சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாதாந்திரக் கூட்டத்தில் மூன்று எண்களும் ஒரே தலைப்பின் கீழ் மூன்று திரைகளில் வரும்போதுதான் சண்டை வருகிறது. ‘உன் டேட்டா தப்பு’ என்று ஒருவரை ஒருவர் சொல்லிக்கொண்டு, ஒரு மணி நேரக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. அந்த 9 பீஸை ரீவொர்க் செய்ய ஒரு ஆளின் அரை நாள் செலவானது என்பதை யாரும் பேசியிருக்க மாட்டார்கள். லாபம் ஒழுகிப்போவது அந்த அரை நாளில்தான்.

நைட் ஷிஃப்ட் இதைவிடச் சிக்கல். சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு மெஷினைப் போட்டால் ஞாயிறு விடியும்வரை ஓடும். லைனில் எல்லோருக்கும் அது சனிக்கிழமை உற்பத்தி. மெஷினுக்குள் இருக்கும் கடிகாரம் 12 மணிக்குத் தேதியை மாற்றிவிடும். ஆகவே, லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையில் ஆளே இல்லாமல் சில நூறு பீஸ் உற்பத்தியானதாக அறிக்கை காட்டும். மாதக் கடைசி ராத்திரியில் பாதி ஷிஃப்ட் இந்த மாதத்துக்கும் பாதி அடுத்த மாதத்துக்கும் போகும். இதற்குத் தீர்வு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மெஷின் சொல்லும் நேரத்தைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ‘உற்பத்தி நாள்’ என்று தனியாக ஒரு பத்தி சேர்த்தால் போதும். ஆனால், சேர்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு, அந்த ஷிஃப்டில் நின்ற ஒருவர் அட்டவணை வரையும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த ஒருவரை நாம் உட்கார வைப்பதே இல்லை. மாநாட்டில் இரண்டு நாள் கேட்டதிலும் எனக்கு உறைத்தது இதுதான்.

எங்கள் லைனில் மெஷின் நின்றால் காரணத்தைத் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் ஆங்கிலத்தில், அகர வரிசையில் இருந்தது. முதலில் இருப்பது ‘ஏர் பிரஷர் லோ’. கையில் கூலன்ட் வழிய நிற்கும் பெண் நாற்பது வரிகளைக் கீழே தள்ளித் தேடிக்கொண்டிருக்க மாட்டாள், விரல் படுகிற முதல் வரியை அழுத்துவாள். மாதம் முடிந்ததும் கம்ப்ரஸர்தான் முதல் குற்றவாளி என்று அறிக்கை சொன்னது. புதுக் கம்ப்ரஸருக்குக் கொட்டேஷன் வாங்கும்வரை பேச்சு போனது. பராமரிப்பு ஆட்கள் மீட்டரைக் காட்டி, காற்றழுத்தம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று நிரூபித்ததால் பணம் தப்பியது. கெலமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு ஆபரேட்டரிடம் இதைக் கேட்டபோது அவர் சொன்ன பதில், மாநாட்டில் கேட்ட எந்த உரைக்கும் குறைந்ததில்லை.

“காரணம் போட்டா மெஷின் ஓடுமா சார்? டூல் ரூமுக்குப் போன் போட்டாத்தான் ஓடும். நான் போனைத்தான் முதல்ல போடுவேன்.”

இந்தத் துறையின் தொடக்க யோசனையும் அந்த ஆபரேட்டர் பக்கம்தான் நிற்கிறது. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-ல் ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ் சிஸ்டம்’ என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரைபடம், டாஷ்போர்டு என்ற பேச்சே கிடையாது. நிறுவனத்துக்குள் வரும் தகவலைச் சுருக்கி, எந்த இடத்தில் அதை வைத்துச் செயல்பட வேண்டுமோ அந்த இடத்துக்குத் தானாகவே போய்ச் சேரும்படி செய்வதுதான் அவருடைய திட்டம். யாருக்கு எதில் அக்கறை என்பதை எந்திரம் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றுகூட யோசித்திருக்கிறார். அதற்கப்புறம் இந்தத் துறை மேலே மேலே போய் மேலாளரின் அறையில் உட்கார்ந்துகொண்டது. கீழே எழுதப்படும் எண் மாடி ஏறிப் போகிறது. எழுதிய கைக்குத் திரும்பி வருவதில்லை. தனக்கு எந்தப் பயனும் இல்லாத ஒன்றைத் தினமும் ஒழுங்காக நிரப்பு என்று ஒரு தொழிலாளியிடம் எப்படிக் கேட்க முடியும்? மோசமான தரவுக்கு நாம் தொழிலாளியின் அலட்சியத்தைக் காரணம் காட்டுகிறோம். இது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்ததும் லைன் இன்சார்ஜும் ஆபரேட்டர்களுமாக உட்கார்ந்து பட்டியலை ஏழு காரணங்களாகக் குறைத்தோம். தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வைத்தோம். தெலுங்கும் கன்னடமும் ஒடியாவும் பேசுகிறவர்கள் அதே லைனில் இருக்கிறார்கள், படம் எல்லோருக்கும் புரியும். ‘டூல் உடைந்தது’ என்பதை அழுத்தினால் டூல் ரூமில் மணி அடிக்கும்படி எங்கள் எலக்ட்ரீஷியன் இணைத்துக் கொடுத்தார். இப்போது காரணத்தைப் பதிவதும் உதவி கேட்பதும் ஒரே அழுத்தல். பதிவுகள் தானாக ஒழுங்குக்கு வந்துகொண்டிருக்கின்றன. கம்ப்ரஸர் பட்டியலில் எங்கோ கீழே போய்விட்டது. டூலின் வெட்டும் முனையான இன்சர்ட்டை மாற்றும் நேரம் மேலே வந்திருக்கிறது.

மாநாட்டில் தமிழ்நாட்டுக்காரன் என்ற முறையில் நெஞ்சு நிமிர்ந்த இடமும் ஒன்று உண்டு. சென்னை ஐஐடியில் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்து ஐபிஎம்முக்குப் போன சி. மோகன், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1992-ல் வெளியிட்ட ‘ஏரிஸ்’ முறையைத் தரவுத்தள உலகம் இன்றும் பாடமாக வைத்திருக்கிறது. மாற்றத்தை முதலில் பதிவேட்டில் எழுது, தரவை அப்புறம் வட்டில் மாற்று என்பது அடிப்படை. நடுவில் கரன்ட் போனாலும், பதிவேட்டைப் படித்து முடிந்த வேலையைத் திரும்ப நிலைநிறுத்தவும், பாதியில் நின்ற வேலையை அழிக்கவும் முடியும். வங்கியில் பணம் மாற்றும்போது பாதி வழியில் அது காணாமல் போகாமல் இருப்பதற்குப் பின்னால் இந்த வகை யோசனை இருக்கிறது. லைனில் ஷிஃப்ட் நோட்டை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் திரையில் மட்டும் போடச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். கணக்கு இடறும்போது, நடந்தது நடந்த வரிசையில் எழுதியிருக்கும் அந்த எண்ணெய்க் கறை நோட்டைத்தான் கடைசியில் எல்லோரும் புரட்டுகிறோம்.

ஒரு வரி என்றால் என்ன என்ற கிம்பலின் கேள்விக்கு எங்கள் ஊரிலேயே ஒரு நல்ல பதில் மேய்ந்துகொண்டிருக்கிறது. மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த பண்ணை. கால்நடைக்காரர்களுக்கு ஒரு வரி என்றால் ஒரு உயிர். அதன் தாய், தகப்பன், பிறந்த தேதி, ஈற்று, காலைப் பால், மாலைப் பால் எல்லாம் அதற்குக் கீழே வரும். இப்போது ஊர் மாடுகளின் காதிலும் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் பட்டை தொங்குகிறது. நாடு முழுவதற்கும் அது ஒரே எண் வரிசை. மாடு சந்தையில் கை மாறி கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கம் போனாலும் எண் மாறாது, தடுப்பூசிக் கணக்கு கூடவே போகும். எங்கள் டிரேக்கள் எல்லை தாண்டி பிளேட்டிங்குக்குப் போய் வரும்போது அட்டை கிழிந்து, புது அட்டை எழுதி, எந்த லாட் எது என்றே தெரியாமல் போகிறது. டிரேயிலேயே அழியாத எண் பொறிக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.

தமிழில் தரவு சேர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தொரப்பள்ளி என்ற ஊர்ப் பெயரை இரண்டு பேர் தட்டச்சு செய்கிறார்கள். ஒருவரின் விசைப்பலகை ‘தொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாக அனுப்புகிறது, இன்னொருவருடையது கொம்பையும் காலையும் இரண்டு குறியீடாக அனுப்புகிறது. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. தரவுத்தளத்துக்கு இரண்டு ஊர். ‘ஔ’வுக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடிப்பவர்களால் வரும் குழப்பம் வேறு. முதல் சிக்கலைச் சரிசெய்யும் வசதி போஸ்ட்கிரெஸ்ஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. இரண்டாவதற்குத் தமிழ் தெரிந்த ஒரு ஆள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். நம்முடைய முன்னெழுத்துப் பெயர்களை முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு பெட்டிகளுக்குள் திணிப்பதால் ஒரே ஆளுக்கு இரண்டு பிஎஃப் கணக்கு வந்து நிற்கும் அவதியைத் தொழிலாளர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

இந்தப் பேச்சுகளெல்லாம் பெங்களூர் அரங்குகளில் ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்தால் எங்கள் பேட்டைக்கு வந்து சேராது. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது, ஒரு பழைய கம்ப்யூட்டரிலேயே தொடங்கலாம். ஓசூர் சிறு, குறுந்தொழில் சங்கமான ஹோஸ்டியா ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தமிழிலேயே இப்படி ஒரு கூட்டம் போடலாம். மேடையில் விற்பனைக்காரர்கள் வேண்டாம். நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர்கள், ஸ்டோர்ஸ்காரர்கள், லைன் ஆபரேட்டர்கள் பேசட்டும், மென்பொருள் எழுதுபவர்கள் கீழே உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும். அப்படி ஒரு நாள் அமைந்தால், மூன்று ரிஜெக்‌ஷன் எண்களோடு எங்கள் யூனிட்டின் கணக்கை நிர்வாகத்தின் அனுமதியோடு கொண்டுவந்து காட்ட நான் தயார்.