சித்திரை வீதியில் ஒரு குதிரை

அக்கா பையன் பி.காம். முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர்களுக்கு நடுவில் வாழ்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்தான். கையில் காபியைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் பெரியவர்கள் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

“பாங்க் பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட்டாச்சா?”

“போடலை மாமா. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கணக்கு கேக்கறாங்க. எனக்குக் கணக்கு வராது.”

“ஆடிட்டர் ஆபீஸ்ல என்ன பண்றே, கச்சேரியா?”

“அது கால்குலேட்டர் பண்ணிக்குது. பத்தாவதுலேயே வாத்தியார் எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வச்சு சொல்லிட்டார் மாமா, உனக்கு வராதுன்னு.”

அவன் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் எட்டு வருஷம் ஆகியும் ஞாபகம் வைத்திருக்கிறான். உங்களில் பலர் இந்த இடத்தில் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. அந்த ‘வராது’வைப் பிறகு கவனிக்கலாம். முதலில் ஒரு குதிரை.

செஸ் பலகையில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வரிசை, வரிசைக்கு எட்டு கட்டம், மொத்தம் 32. குதிரை எப்படிப் போகும் என்பது தெரியும்: இரண்டு கட்டம் நேராக, ஒரு கட்டம் பக்கவாட்டில். ஒரு கட்டத்தைக்கூட விடாமல், எதையும் இரண்டாம் முறை மிதிக்காமல் 32-லும் குதிரை போய் வர முடியுமா?

முடியும். செய்து காட்டியவர் வேதாந்த தேசிகர். 1268-ல் காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் பல காலம் வாழ்ந்தவர். தாயார் சன்னதிப் பக்கம் போகிறவர்கள் அவர் சன்னதியைப் பார்த்திருப்பீர்கள். அரங்கனின் பாதுகைகளைப் பற்றி மட்டுமே 1008 சுலோகங்கள் கொண்ட ‘பாதுகா ஸஹஸ்ரம்’ அவருடையது. ஒரே ராத்திரியில் பாடி முடித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. (நமக்கு ஒரு லீவ் லெட்டருக்கே இரண்டு நாள் ஆகிறது.)

அதில் 929-ஆவது சுலோகத்துக்கு 32 எழுத்து. எட்டு எட்டாக நாலு வரி எழுதினால் அரைப் பலகை ரெடி. முதல் எழுத்தில் குதிரையை நிறுத்தி, அது தாவுகிற வழியில் எழுத்துக்களைப் படித்துக்கொண்டே போனால் 930-ஆவது சுலோகம் வருகிறது! ஒற்று, புள்ளி விஷயத்தில் கவிகளுக்கு உண்டான சின்னச் சலுகையோடு. இரண்டுக்கும் தனித்தனி அர்த்தம் உண்டு.

நம்ப வேண்டாம், சரிபாருங்கள். கட்டங்களுக்கு முதல் வரிசையில் 1 முதல் 8, இரண்டாவதில் 9 முதல் 16, மூன்றாவதில் 17 முதல் 24, நாலாவதில் 25 முதல் 32 என்று நம்பர் போடுங்கள். தேசிகரின் குதிரை போன வழி இது:

1, 11, 5, 15, 32, 22, 28, 18, 3, 13, 7, 24, 30, 20, 26, 9, 19, 25, 10, 4, 21, 31, 16, 6, 23, 8, 14, 29, 12, 2, 17, 27.

இதில் அவர்தான் முதல் ஆள் என்று மார்தட்ட வேண்டியதில்லை. காஷ்மீரத்து ருத்ரடர் 9-ஆம் நூற்றாண்டிலேயே குதிரைப் பாதையில் செய்யுள் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவின் மகா கணித மேதை ஆய்லர் இந்தக் குதிரையைப் பிடித்தது 1759-ல்.

மருமகன் கால்குலேட்டரைத் தொடாமல், ஒரு பழைய வவுச்சரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு 32-ஐயும் சரிபார்த்துவிட்டான். பிறகு கேட்டானே ஒரு கேள்வி:

“27-ல நின்னுடுச்சே. கிளம்பின இடத்துக்கே திரும்பி வர மாதிரி போக முடியாதா?”

நல்ல கேள்வி. 64 கட்டமும் உள்ள முழுப் பலகையில் அப்படி வட்டமடித்துத் திரும்பும் வழிகள் சுமார் 13 லட்சத்து 26 ஆயிரம் கோடி! 1996-ல் இரண்டு பேர் கம்ப்யூட்டரை வைத்து எண்ணித் தப்பான விடையைப் பிரசுரித்தார்கள். 1997-ல் ஆஸ்திரேலியாவின் பிரெண்டன் மக்கே எண்ணியதுதான் சரியான எண்ணிக்கை. முழுப் பலகையில் இத்தனை என்றால் அரைப் பலகையில் ஒரு ஆயிரமாவது தேறாதா?

ஒன்றுகூட இல்லை. பூஜ்யம். இன்று மட்டுமல்ல, எத்தனை பெரிய கம்ப்யூட்டர் வந்தாலும் என்றைக்கும் கிடையாது.

“எல்லாத்தையும் போட்டுப் பாத்தாங்களா?” என்றான்.

போட்டே பார்க்க வேண்டாம். ஸ்ரீரங்கத்தின் வீதிகள் தெரிந்தால் போதும். வடக்கிலிருந்து தெற்கே வாருங்கள். முதல் வரிசை வடக்குச் சித்திரை வீதி. இரண்டாவது வடக்கு உத்தர வீதி. மூன்றாவது தெற்கு உத்தர வீதி. நாலாவது தெற்குச் சித்திரை வீதி. (நடுவில் இருக்கும் கோயிலைக் கணக்கில் சேர்க்கவில்லை. பெருமாள் மன்னிக்கவும்.) ஆக சித்திரையில் 16 வீடு, உத்தரத்தில் 16 வீடு.

சித்திரை வீதியில் நிற்கும் குதிரை எங்கே தாவும்? ஒரு வரிசை அல்லது இரண்டு வரிசை தள்ளி. இரண்டுமே உத்தர வீதிகள்தான். சித்திரையிலிருந்து இன்னொரு சித்திரைக்கு அதனால் போகவே முடியாது.

கிளம்பிய வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்றால், 16 சித்திரை வீட்டில் ஒவ்வொன்றுக்கும் அடுத்ததாக ஒரு உத்தர வீடு வேண்டும். இருப்பதே 16 உத்தரம். எல்லாம் அதற்கே தீர்ந்துபோகிறது. எனவே சித்திரை, உத்தரம், சித்திரை, உத்தரம் என்று மாறி மாறித்தான் போயாக வேண்டும்.

இப்போது கலர். குதிரை ஒவ்வொரு தாவலிலும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து கறுப்புக்கும் மாறும். அதுவும் மாறி மாறித்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கறுப்புச் சித்திரை வீட்டில் கிளம்பினால் அடுத்தது வெள்ளை உத்தரம், பிறகு கறுப்புச் சித்திரை, வெள்ளை உத்தரம்... வெள்ளைச் சித்திரை வீடுகளுக்குக் குதிரை எந்த ஜென்மத்திலும் போகாது. ஆனால் அப்படி எட்டு வீடுகள் வாசலில் கோலம் போட்டுக் காத்திருக்கின்றன. ஆகவே முடியாது. முடிந்தது.

இதில் ஒரு கூட்டல்கூடக் கிடையாது என்பதைக் கவனியுங்கள். பார்த்தோம், அவ்வளவுதான். ஆனால் இதைவிட அசல் கணிதம் கிடையாது.

“அப்ப தேசிகர் எப்படி முடிச்சார்?” என்றான். காபி ஆறிப்போயிருந்தது.

அவர் திரும்பி வரவில்லை. சித்திரையில் கிளம்பி சித்திரையிலேயே முடித்தார். அப்படிப் போனால் 16 சித்திரைக்கு இடையில் 15 இடைவெளிகள்தான். அதில் 16 உத்தரங்களை அடைக்க வேண்டும். ஏதோ ஒரு இடத்தில் மட்டும் இரண்டு உத்தரம் அடுத்தடுத்து வந்தே தீரும். மேலே உள்ள பட்டியலில் தேடுங்கள்: 9, 19. அந்த ஒரே தாவலில்தான் குதிரை கட்சி மாறுகிறது. அதுவரை ஒரு கலர் சித்திரை வீடுகள் எட்டு. அதற்குப் பிறகு மற்ற கலர் எட்டு. சித்திரையில் கிளம்பி சித்திரையில் முடிக்கும் யாருக்கும் இந்தத் தாவல் 16-க்கும் 17-க்கும் நடுவில்தான் வரும். வேறு எங்கும் வைக்க முடியாது.

இன்னொரு அழகு. சுலோகம் எட்டு எட்டாக நாலு பாதம். முதல் பாதி முடிவது சரியாக 16-ஆவது எழுத்தில். சொல்கிறவர் ஒரு நொடி மூச்சு விடுகிற அந்த இடத்தில்தான் குதிரை கட்சி மாறுகிறது.

மருமகன் கொஞ்ச நேரம் வவுச்சரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: “கவனிச்சியா? கணக்குல ‘முடியாது’ங்கறது சாதாரண வார்த்தை இல்லை. அதைச் சொல்றவன் நிரூபிக்கணும். ஆயிரம் தடவை தோத்துப்போனாலும் அது நிரூபணம் ஆகாது. உனக்குக் கணக்கு வராதுன்னு உங்க வாத்தியார் சொன்னாரே, நிரூபிச்சாரா?”

“இல்லை மாமா. முப்பத்தி ரெண்டு மார்க் வாங்கினேன். அவ்வளவுதான்.”

“முப்பத்தி ரெண்டா? அரைப் பலகை!”

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பாங்க் பரீட்சையில் குதிரை வராது. இரண்டு ரயில் எதிரெதிரே வரும், தொட்டியில் ஒரு குழாய் தண்ணீரை நிரப்பும், இன்னொன்று காலி பண்ணும். அதற்குத் தனியாக உட்கார்ந்து பழக வேண்டும். வவுச்சரின் பின்பக்கத்தில் முப்பத்தொரு தாவலைப் பொறுமையாகச் சரிபார்த்துவிட்டு, ‘திரும்ப முடியாதா?’ என்று கேட்கத் தெரிந்தவனுக்கு அது வரும் என்றுதான் நினைக்கிறேன். என்னிடமும் நிரூபணம் இல்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு போன். “மாமா, போட்டுட்டேன். இன்னும் பதினஞ்சு நிமிஷம் பாக்கி இருந்தது.” பின்னால் அக்கா ஏதோ சொல்லி அழுவதும் சிரிப்பதும் கேட்டது.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஐந்துக்கு ஐந்து, 25 கட்டம். குதிரை எல்லாவற்றையும் ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு, கிளம்பிய கட்டத்துக்கே திரும்ப முடியுமா? பென்சில் வேண்டாம், கலர் போதும். பஸ்ஸில் நின்றுகொண்டே யோசிக்கலாம். விடை அடுத்த வாரம்.

‘எனக்கு வராது’ என்று எழுதுகிறவர்கள் நிரூபணத்தையும் இணைத்து அனுப்பவும்.